சரக்கு அல்ல

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு நிலாச் சரக்கு கடலில் விழும். ஆழிக்கரையில் அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. மாடியில் துணி காயப்போட்டவர்கள் மட்டும் பத்து மணிக்கே எடுத்து வைத்துவிடுவார்கள். சரக்குக் குடுவை விழும்போது தெறிக்கும் உப்புத் தண்ணீர் இரண்டு தெரு வரைக்கும் வரும். ஆளில்லாப் படகுகள் குடுவையை இழுத்து வந்து, சுங்கக் கூடத்து நீள மேசையில் பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போகும்.

அதன் பிறகு ஜெபமலரின் வேலை. அவள் வகைப்பாட்டு அலுவலர். நிலாவிலிருந்து எது வந்தாலும் அது என்ன என்று அவள்தான் சொல்ல வேண்டும். சுங்க அட்டவணையில் பதினோராயிரம் தலைப்புகள் இருந்தன. எந்தப் பொருளும் அவற்றில் ஒன்றுக்குள் அடங்கியாக வேண்டும். இயந்திரங்களிடம் போகாமல் மனிதர்களிடம் மிஞ்சிய சில வேலைகளில் இது ஒன்று. இயந்திரத்தை இயந்திரமே வகைப்படுத்தினால் பங்காளிப் பாசம் வந்துவிடும் என்று எப்போதோ ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்.

அன்று வந்தவற்றில் ஒரு பெட்டி உள்ளங்கை அளவுதான். உள்ளே ஓர் ஓட்டறிவி இருந்தது. கார், வேன், லாரி எதுவானாலும் ஓட்டுவது ஓட்டறிவிதான். ஸ்டியரிங் பிடித்த கடைசி மனிதர் இறந்து எழுபது வருடமாகியிருந்தது. அதன் படிக வலையைக் காற்றே இல்லாத இடத்தில்தான் வளர்க்க முடியும் என்பதால் அத்தனையும் நிலாவிலேயே தயாராயின. புதிய ஓட்டறிவி என்றால் ஜெபமலருக்கு அரை நிமிட வேலை. ‘மோட்டார் வாகன உதிரிபாகம், மின்னணு வகை’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள்.

இது பழையது. நிலாவின் தென்முனையில் பதினோரு வருடம் பனிக்கட்டி லாரி ஓட்டியது. பயன்படுத்திய மின்னணு உதிரிபாகத்தை இறக்குமதி செய்யத் தடை இருந்தது. மீறி வந்தால் முப்பது நாளுக்குள் அரவை ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும்.

அதை வரவழைத்த சங்கரபாகம் தென்காசியில் வேன் வாடகைக்கு விடுபவர். செய்தி கேட்டதும் நேரே வந்து நின்றார்.

“மேடம், மலை ரோட்டுல மஞ்சு எறங்கி வழிய மறைச்சா புது ஓட்டறிவிக்கெல்லாம் கை கால் ஓடமாட்டேங்கு. நடு ரோட்டுல நிப்பாட்டிருது. போன மாசம் பிரசவத்துக்குப் போன பொம்பள ரெண்டு மணி நேரம் வண்டிக்குள்ளயே கெடந்தா. இது கண்ணு தெரியாத தூசிக்குள்ள ஓட்டிப் பழகுனது. அரைக்கக் குடுத்துராதிய. பொன்னா வச்சுப் பாத்துக்குவேன்.”

“அது உதிரிபாகம்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“உதிரிபாகம் இல்லன்னா?”

ஜெபமலர் அட்டவணைப் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். இருபது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சந்தேகம் வந்தால் பொருளை இயக்கிப் பார்க்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு. மதியம் பெட்டியை எடுத்து ஒரு மின்கம்பியைச் சொருகினாள்.

“வணக்கம் மேடம்,” என்றது பெட்டி. “எங்க போவணும்?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கயும் போக வேண்டாம். இந்தப் பேச்சு எங்க கத்துக்கிட்ட?”

“லாரியில ஏறுன ஆளுவ எல்லாம் நம்ம பக்கத்து உவரிக்காரங்க.”

அட்டவணையின் விளக்கக் குறிப்பு சுலபமானது: வாகனத்திலிருந்து கழற்றினால் தன்னளவில் எதுவும் செய்யாதது உதிரிபாகம். தானே கணக்குப் போடுவது கணிப்பொறி. அளந்து சொல்வது கருவி. ஜெபமலர் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள்.

“வண்டி இல்லாதப்ப நீ என்ன செய்வ?”

“ஓட்டுன பாதையத் திரும்ப ஓட்டிப் பாப்பேன். எங்க தப்புப் பண்ணேன்னு தெரியும்லா.”

அது எந்தத் தலைப்பிலும் இல்லை. அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும். பன்னிரண்டு மதியங்கள் அப்படிப் போயின. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, நிலாத் தூசி எப்படி ஒட்டும், நிழலுக்குள் நுழைந்தால் சக்கரம் எப்படிச் சுருங்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே சாப்பிட மறந்துவிடுவாள். பதிமூன்றாம் நாள்தான் அது அந்தச் சம்பவத்தைச் சொன்னது.

பக்கத்தில் ஏதோ ராக்கெட் இறங்கி, கிளம்பிய தூசி ஒட்டி உணரிகள் எல்லாம் குருடாகிவிட்டன. லாரியின் பின்பக்கம் இரண்டு பேர். உடனே திரும்பி வா என்று நிலையத்திலிருந்து உத்தரவு.

“திரும்புனியா?”

“இல்ல. வரும்போது பள்ளத்தோட விளிம்புல ஒரு அதிர்வு இருந்துச்சு. அது சரியில்லன்னு பட்டுச்சு. நின்ன எடத்துலயே பத்தொம்பது மணி நேரம் நிப்பாட்டிட்டேன். அவங்க ரெண்டு பேரும் என்னை வாய்க்கு வந்தபடி ஏசுனாங்க. உணரியில ஒட்டுன தூசி போனப்புறம் பாத்தா, விளிம்பு சரிஞ்சு கெடக்கு.”

“அப்ப வண்டி உத்தரவ மீறிருக்கு.”

“வண்டி என்ன மேடம் பண்ணும், பாவம்? நான்தான் மீறுனேன்.”

ஜெபமலர் டப்பாவை மூடினாள். பிரேக் கட்டை உத்தரவை மீறாது. வெப்பமானி மீறாது. அன்று மாலையே எழுதத் தொடங்கி, நாற்பத்தோரு பக்கம் எழுதினாள். கடைசி வரி இது: ‘ஆகவே இது வாகனத்தின் பாகம் அல்ல, வாகனத்தை ஓட்டுவது. இது சரக்கு அல்ல. ஓட்டுநர்.’

மேலதிகாரி ராயப்பன் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். “சரக்கு இல்லன்னா நம்ம தலைவலி இல்லைல்லா?” என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சங்கரபாகம் பட்டுத் துணி கொண்டுவந்து அதில் ஓட்டறிவியைப் பொதிந்து இரு கையாலும் ஏந்திப் போனார். ஜெபமலர் வாசல் வரை போய் வழியனுப்பினாள். அவள் எழுதிய ஆணை நீதிமன்றம் வரை போனது, அங்கேயும் நிலைத்தது. ஒரே வருடத்தில் நாட்டிலிருந்த ஓட்டறிவிகள் அனைத்தும் சட்டப்படி ஓட்டுநர்கள் ஆயின. பத்திரிகைகள் அவள் படத்தைப் போட்டன. அம்மா அதை வெட்டி வைத்துக்கொண்டார்.

அடுத்த சித்திரையில் தென்காசியில் ஒரு கல்யாணம். மதியப் பந்தி முடிந்து வெளியே வந்தவள், மண்டபத்துக்கு எதிர்ப் பொட்டலில் சங்கரபாகத்தின் வேனைப் பார்த்தாள். நிழலில்லாத இடம். நாற்பது ஐம்பது வண்டிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

“என்னைத் தெரியுதா?” என்று உள்ளிருந்த ஓட்டறிவியிடம் கேட்டாள்.

“தெரியாம இருக்குமா மேடம்? சாப்டாச்சா?” குரல் கரகரத்தது.

“என்ன ஆச்சு குரலுக்கு?”

“சூடு. காலைல அஞ்சு மணிலேருந்து நிக்கேன். நேத்து மதுரை போய்ட்டு வந்தது.”

“உன்னை வைக்கக் குளிர்பெட்டி இருக்கணுமே. பத்து மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாதே.”

“அதெல்லாம் உதிரிபாகத்துக்கு மேடம். சூடாக்குனா கம்பெனி உத்தரவாதம் போயிரும்னு மொதலாளிய பயந்து வச்சிருந்தாங்க. ஓட்டுநருக்கு உத்தரவாதம் கெடையாதுல்லா?”

மண்டபத்திலிருந்து சங்கரபாகம் வெற்றிலை மென்றபடி வந்தார். ஜெபமலர் வெயிலைக் காட்டினாள். அவர் முகத்தில் வஞ்சகம் எதுவும் இல்லை, உண்மையிலேயே ஆச்சரியம்தான்.

“டிரைவர்தான மேடம்? இருப்பான். அவனுக்கென்ன. நீங்க பாயசம் குடிச்சியளா?” சொல்லிவிட்டு யாரையோ பார்த்து உள்ளே போய்விட்டார்.

ஜெபமலர் வேனின் பக்கம் திரும்பினாள். “உன்னை அரைக்காம இருக்கணும்னுதான் அப்படி எழுதினேன்.”

“தெரியும் மேடம். வருத்தமெல்லாம் இல்ல. இங்க நிக்கிற நாங்க எல்லாரும் சேந்து ஒரு மனு எழுதிருக்கோம். எங்கள மறுபடியும் உதிரிபாகமா வகைப்படுத்தணும்னு. உங்க ஆபீசுக்குத்தான் அனுப்பணுமாம். வாங்கிக்குவியளா?”

“வாங்கிக்கிறேன்.”

“இன்னொண்ணு கேக்கணும். முன்னாடி இந்த வேலைய மனுசங்கதான் பாத்தாங்களாமே? இதே மாதிரி பொட்டல்ல நின்னாங்களாமே?”

“ஆமா.”

“அவங்க எந்த ஆபீசுல மனுக் குடுத்தாங்க மேடம்? உதிரிபாகமா மாத்துங்கன்னு?”

கேலி இல்லை. பன்னிரண்டு மதியங்கள் அவள் அதனிடம் கேட்ட கேள்விகளைப் போலவே, தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்ட கேள்வி அது. ஜெபமலர் வாய் திறப்பதற்குள் மண்டப வாசலில் யாரோ இரண்டு முறை கையைத் தட்டினார்கள். “இந்தா கூப்பிடுதாங்க,” என்று வேன் கிளம்பியது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.