ஆறாவது போல்ட்

ஆறாவது போல்ட்டின் தலையில் மஞ்சள் கோடு இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் சின்னவன் தன் கையாலேயே போட்ட கோடு. ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டியிருந்த எஞ்சினின் வயிற்றுக்குள் டார்ச் அடித்து, ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணிப் பார்த்தான். மற்ற ஏழிலும் பெயிண்ட் பளிச்சென்று காய்ந்திருந்தது. ஆறாவதில் மட்டும், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தித் துடைத்தது போல லேசான மஞ்சள் இழுவல். எலியின் வேலையாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். மற்ற ஏழையும் விட்டுவிட்டு இந்த ஒன்றின் மேல் எலிக்கு என்ன அப்படி ஒரு பாசம் என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். பிஸ்டனைத் தாங்கும் ராடை கிராங்க்கோடு பிடித்து வைத்திருப்பவை அவைதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் கால் மைல் பறக்கிற பந்தயக் காரில் ஒரு போல்ட் நெகிழ்ந்தாலும் போதும், ராடு எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்படித்தான் வந்தது. கொட்டிய ஆயிலில் சக்கரம் வழுக்கி, கார் பந்தயத் தடத்தின் சுவரில் போய் அறைந்தது. ஓட்டியவன் சின்னவனின் அண்ணன்.

அண்ணன் வைத்த சட்டம் ஒன்று அந்த ஷெட்டில் உண்டு. டார்க் ரெஞ்சைப் போட்டு முறுக்க வேண்டும். அளவு வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மஞ்சள் கோடு. கோடு போடாத போல்ட்டை மூடக் கூடாது. அந்தப் பந்தயத்துக்கு முன்னால் சின்னவன் வேலையைச் சீக்கிரம் முடிக்கிறேன் பேர்வழி என்று எட்டுக்கும் முதலிலேயே கோட்டை இழுத்துவிட்டு, பிறகு முறுக்க ஆரம்பித்தான். ஐந்தை முடித்தபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து குனிந்தான். எங்கு பார்த்தாலும் மஞ்சள். ஆறும் ஆகிவிட்டது என்று நினைத்து ஏழாவதுக்குப் போய்விட்டான்.

தடத்தில் அண்ணன் ஜன்னல் வழியே கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். எல்லாம் பார்த்தாயா என்று அர்த்தம். சின்னவனும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவ்வளவுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

உலோகம் களைத்துப் போய் உடைந்தது என்று விசாரிக்க வந்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிதறிய எஞ்சினைப் பிரித்த சின்னவனுக்கு மட்டும்தான் தெரியும். ஆறாவது போல்ட் உடையவே இல்லை. மரை கலையாமல் கழன்று, ஆயில் தட்டின் மூலையில் முழுசாகக் கிடந்தது. அதைத் துணியில் சுற்றி டூல் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தான். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, யாரிடமாவது காட்டவும் தைரியம் இல்லை.

காரைத் திரும்பக் கட்டச் சொன்னது அண்ணி. அண்ணியும் ஓட்டுகிறவள்தான், கல்யாணத்துக்கு முன்னால் அண்ணனை மூன்று தடவை தோற்கடித்தவள். தோற்ற கடுப்பில்தான் பெண் கேட்டேன் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். இப்போது அவள் அதிகம் பேசுவதில்லை. மத்தியானத்தில் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, எஞ்சினையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"அண்ணி, நேத்து ராத்திரி இங்க வந்தீங்களா?"

"சாவி உங்ககிட்டதானே தம்பி இருக்கு? நான் எப்படி வர முடியும்?"

உண்மைதான். ஒரே சாவி, அது அவன் இடுப்பில்.

ஆறாவதை மறுபடி முறுக்கினான். டக். கோடு போட்டான். மறுநாள் காலையில் கோடு இல்லை. மூன்றாம் நாள் ஷெட்டின் ஷட்டரில் சாவியைப் போடும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பெட்ரோல் வாடையும் ஈரச் சிமெண்ட் வாடையும் கலந்து கதவிடுக்கு வழியே வந்துகொண்டிருந்த அந்த இருட்டுக்குள்ளிருந்து, அவசரமே இல்லாமல், பழகிய கை ஒன்று வேலை செய்கிற நிதானத்தில், டக், டக், டக், டக், டக் என்று ஐந்து. பிறகு ஒன்று வரவேண்டிய நேரம் வெறுமையாகப் போனது. பிறகு டக், டக். ஷட்டரைத் தூக்கினான். யாரும் இல்லை. டார்க் ரெஞ்ச் பெட்டிக்குள் இருந்தது. தொட்டுப் பார்த்தான். கைப்பிடி வெதுவெதுப்பாக இருந்தது.

அன்றைக்குத்தான் கையுறைகளையும் கவனித்தான். அண்ணனின் வெள்ளைக் கையுறை ஜோடி சுவர் ஆணியில் தொங்கும். அதை எடுக்க யாருக்கும் மனம் வந்ததில்லை. இடது கையுறையின் கட்டைவிரல் நுனியில் மஞ்சள் பெயிண்ட். விரலால் தொட்டான். ஒட்டியது.

டூல் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினான். துணி இருந்தது. சுற்றிய மடிப்புகூடக் கலையவில்லை. உள்ளே போல்ட் இல்லை.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அன்றே எட்டு போல்ட்டையும் கடைசித் தடவையாக முறுக்கி, எஞ்சினை மூடினான். ஆறாவதுக்குக் கோடு போடவில்லை. போட்டு என்ன பயன், அழியத்தானே போகிறது என்று ஒரு வெறுப்பு. ஆயில் தட்டைப் பூட்டி முடித்து, எஞ்சினைக் காரில் இறக்கி, கையைத் துடைக்கும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. எத்தனை டக் கேட்டோம்? எட்டா? எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

பிரித்துப் பார்த்தால் ஒரு முழு நாள் போகும். ஏன் என்று அண்ணி கேட்பாள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் ஏழு மாதத்துக்கு முன்னால் போய்த்தான் நிற்கும். அப்படியே விட்டுவிட்டான்.

எஞ்சினை ஓட விட மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் அனுமதி. பக்கத்து வீட்டுக்காரர் கைப்பட எழுதி வாங்கிப் போன ஒப்பந்தம் அது. முதல் மூன்று நாளும் காரை, நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழல விட்டு எஞ்சினைச் சோதிக்கும் டைனோ உருளைகள் மேல் ஏற்றிக் கட்டிவைத்து, அண்ணி மிதிக்க, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் லேப்டாப்போடு நின்று பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைத்து, ஸ்பார்க் நேரத்தை இம்மி இம்மியாக நகர்த்தினான். நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போகவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் பாடியது. அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் கடைசிச் சோதனை. ஒன்பதாயிரம் வரை போயாக வேண்டும். அண்ணனுக்கு அது நடந்ததும் ஒன்பதாயிரத்தில்தான். வெளியே மழை கொட்டி, இரண்டு மணிக்கே ஷெட் இருண்டு கிடந்தது. அண்ணி ஹெல்மெட்டும் கறுப்புக் கையுறையும் மாட்டிக்கொண்டு சீட்டில் இறங்கினாள். தோளிலும் இடுப்பிலும் பெல்ட்டை அவனே இழுத்துப் பூட்டினான்.

"எல்லாம் பாத்தாச்சா தம்பி?"

பூட்டிய பெல்ட்டையே இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"பாத்தாச்சு அண்ணி."

கண்ணாடிக்குப் பின்னால் வந்து, அண்ணியின் ஹெல்மெட்டோடு பேசும் ஹெட்செட்டை மாட்டினான். எஞ்சின் பிடித்தது. தரை அதிர்ந்தது, லேப்டாப் மேஜையில் நகர்ந்தது, சூடான ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. மூவாயிரம். நான்காயிரம். தற்செயலாகச் சுவரைப் பார்த்தான்.

ஆணியில் ஒரு கையுறைதான் தொங்கியது. வலது கை.

ஐயாயிரம்.

ஹெட்செட்டில், அத்தனை இரைச்சலுக்கும் அடியில், காதுக்கு மிக அருகில்.

டக்.

டக். டக். டக்.

டக்.

பிறகு எதுவும் இல்லை. ஆறாவது வரவில்லை.

"அண்ணி!" மைக்கில் கத்தினான். "ஆஃப் பண்ணுங்க! இறங்குங்க! அன்னைக்கு நான் பாக்கல. ஆறாவது போல்ட்ட இறுக்கவே இல்ல. அண்ணன் கேட்டப்ப பொய் சொன்னேன். இன்னைக்கும் எனக்குத் தெரியல அண்ணி. சத்தியமா தெரியல. இறங்கிடுங்க!"

சொல்லிவிட்டான். ஏழு மாதமாக மறைத்து வைத்தது வெளியே வந்துவிட்டது. நிம்மதி வரவில்லை.

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம். அண்ணியின் மூச்சு. அதோடு ஒட்டி, ஒரு நொடி பிந்தி, இன்னொரு மூச்சு.

"தெரியும் தம்பி." அண்ணியின் குரலில் கோபமே இல்லை. "அந்தப் போல்ட்ட எங்கிட்டதான் குடுத்து வச்சிருக்காரு."

ஆறாயிரம்.

கண்ணாடி வழியே பார்த்தான். ஸ்டியரிங்கை இரண்டு கறுப்புக் கையுறைகள் பிடித்திருந்தன. இரண்டும். இறுக்கமாக.

ஏழாயிரம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டது. வெள்ளைக் கையுறை. இடது கை. கட்டைவிரல் மேலே நிமிர்ந்திருந்தது. நுனியில் ஈர மஞ்சள்.

"பதில் காட்டுங்க தம்பி. உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்காரு."

எட்டாயிரம்.

சின்னவனின் கை தொடையோடு ஒட்டிக் கிடந்தது. தூக்க முடியவில்லை.

எட்டாயிரத்து ஐந்நூறு.

அந்தக் கட்டைவிரல் இறங்கவே இல்லை.