பச்சைக் கட்டம்

கதவைச் சாத்தி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. யுவராணியின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வீட்டுக் கேமரா அனுப்பிய அறிவிப்பு. ‘கூடத்தில் ஆள்: பூமிநாதன்.’

பூமிநாதன் அவளுடைய மாமனார். அவர் செத்து அன்றைக்கு எட்டாம் நாள்.

வாசல் பந்தலில் இருபது பேர் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே அவர் படுத்துக் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தலைவாழை இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் அவித்த முட்டையும் ஒரு கட்டுப் பீடியும் சொம்பு நிறையத் தண்ணீரும் வைத்து, விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். போனவர் வந்து சாப்பிட்டு எழுந்திருக்கிற வரைக்கும் யாரும் உள்ளே பார்க்கக் கூடாது. அப்புறம் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். பூமிநாதனின் தங்கை செல்லக்கிளிதான் முன்னின்று எல்லாம் செய்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். பூனை நுழைகிற சந்தில்கூடச் சாக்கைத் திணித்தாள். ஒரு கண்ணும் உள்ளே போகக் கூடாதாம். கூடத்து மூலையில், உத்திரத்துக்குக் கீழே, ராவும் பகலும் விழித்திருக்கிற கண் ஒன்று இருப்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மேற்கே வெளிச்சம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. கண்மாய்க் கரையில் யாரோ போட்டிருந்த கரிமூட்டத்தின் புகை ஆடிக் காற்றில் தாழ்ந்து வந்து, பந்தல் ஓலையின் வாடையோடும், உள்ளறையில் அடுக்கியிருந்த கொத்தமல்லி மூட்டைகளின் வாசனையோடும், கதவிடுக்கு வழியே கசிந்த கருவாட்டு நெடியோடும் கலந்து தொண்டையில் உட்கார்ந்தது. பெண்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். கொட்டத்தில் ஒரு ஆடு கத்தி, பாதியில் நிறுத்தியது.

கேமரா வாங்கியதே ஆட்டுக்காகத்தான். பரளச்சிப் பக்கம் ஆடு களவு அதிகமானதும், சரக்கு வேன் ஓட்டும் அவள் புருஷன் அழகுராஜா கொட்டத்தைப் பார்த்து ஒன்று மாட்டினான். அப்பாவுக்கு ஒரு பக்கம் கைகால் இழுத்துக்கொண்ட பிறகு கூடத்தில் இன்னொன்று. இரண்டும் புது ரகம். பழைய கேமரா எது அசைந்தாலும் ‘அசைவு’ என்று மட்டும் சொல்லும். இது ஆளைப் பேர் சொல்லிச் சொல்லும். வீட்டு ஆட்களின் முகத்தை ஒருமுறை காட்டி, பேரைத் தமிழில் அடித்துவிட்டால் போதும். அதற்கப்புறம் ஆளைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்டு, மேலே பேரையும் போட்டு, அவர் போகிற பக்கமெல்லாம் தன் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும்.

“அதான் கேமரா இருக்குல்ல” என்று சொல்லித்தான் யுவராணி அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது அறிவிப்பு வரும். மாமனார் புரண்டால் ஒன்று, இருமினால் ஒன்று. முதல் மாதம் ஒன்று விடாமல் பார்த்தாள். அப்புறம் பார்க்காமலேயே விரலால் தள்ளிவிடப் பழகிவிட்டாள்.

அவர் செத்த அன்றைக்குக் கடையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். பதினேழு அறிவிப்பு வந்தது. பதினேழையும் தள்ளினாள். சாயங்காலம் வந்து பார்த்தபோது உடம்பு விறைத்திருந்தது. எல்லாரும் அழுது ஓய்ந்தபின் குளியலறையில் நின்றபடி பதிவைப் போட்டுப் பார்த்தாள். சொம்பு ஸ்டூலிலிருந்து உருண்டு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. மூன்று மணி நேரம் அவர் கேமராவைப் பார்த்தே கூப்பிட்டிருந்தார். “தாயி, தண்ணி. தாயி.” பதிவை அழித்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்ற பயம். எட்டு நாளாக யாரும் கேட்கவில்லை. கேமரா இருந்துச்சே, நீ பாக்கலயா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்குச் சொம்பில் தண்ணீர் ஊற்றி வைத்தது அவள்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஒருமுறை கொடியில் தொங்கிய வேட்டியைக்கூட இந்தக் கேமரா அழகுராஜா என்று சொல்லியிருக்கிறது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, முந்தானைக்குள் போனை மறைத்துத் திறந்தாள்.

படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. இலை. விளக்கு. காலிக் கட்டில். கட்டிலின் மேல் ஆள் நீளத்துக்கு ஒரு பச்சைக் கட்டம் கிடந்தது. உள்ளே விரிப்பின் சுருக்கம் தவிர ஒன்றுமில்லை. மேலே பேர்.

கட்டம் எழுந்து உட்கார்ந்தது.

பிறகு நின்றது. ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு காலை இழுத்து நடக்கிறவரின் விட்டுவிட்டு வரும் நகர்வோடு கட்டிலைச் சுற்றி வந்தது. அது நகர நகரக் கேமராவும் தலையைத் திருப்பியது. அந்தச் சின்ன மோட்டார் ‘கிர்ர்’ என்று சுற்றுவது போனிலும் கேட்டது, முதுகுக்குப் பின்னால் சாத்திய கதவுக்குள்ளிருந்தும் கேட்டது. விளக்குச் சுடர் படுத்து எழுந்தது. கட்டம் இலையைத் தாண்டிப் போனது. சோற்றைத் தொடவில்லை. உள்ளறை வாசலில் போய் நின்றது.

போன் மறுபடி அதிர்ந்தது.

‘கூடத்தில் ஆள்: அனுசியா.’

அவளுடைய மகள். நாலு வயது.

உள்ளறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு குழந்தை வெளியே வந்தாள். மூட்டைகளுக்குப் பின்னால் தூங்கிப்போயிருக்கிறாள். யுவராணி தலையைத் திருப்பிப் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரியைத் தேடினாள். பாப்பாவைத் தூக்கிக்கொள்ளச் சொன்னது அவளிடம்தான். காளீஸ்வரியின் மடியில் யாருமில்லை.

“ஏக்கா, அனு எங்க?”

“அண்ணன்ல தூக்கிட்டு வந்தாக?”

அழகுராஜா மொட்டைத் தலையோடு ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு.

“சின்னம்மா,” என்று செல்லக்கிளியின் தோளைத் தொட்டாள். “கதவத் தொறந்துருவமா?”

“கிறுக்கா ஒனக்கு? பாதிச் சாப்பாட்டுல தொறந்தா அவுக பசியோட எந்திரிச்சுருவாக. அப்பறம் தொணைக்கு ஒரு ஆளக் கேப்பாக. செத்த பொறு தாயி.”

பாப்பா உள்ள இருக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். போனைக் காட்ட வேண்டும். கேமரா ஓடுகிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லவில்லை. ஒரு நிமிஷம். மிஞ்சிப்போனால் ஒன்றரை.

அந்த நேரத்தில் அனு சொம்பை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்தாள். பெரிய கட்டம் அங்கே மறுபடி படுத்திருந்தது. தலையணைக்கு மேலே, வெறும் இடத்தில், குழந்தை தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் விழுந்தது. தலையணையில் விழவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றுபோனது. சொம்பு சாயச் சாய, மளக் மளக்கென்று விழுங்கும் சத்தம் போனில் கேட்டது. ஒரு சொட்டுக்கூடக் கீழே வரவில்லை.

சொம்பு காலியானது. அனு குனிந்து எதையோ காது கொடுத்துக் கேட்டாள். தலையாட்டினாள். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். கை அப்படியே நின்றது. உயரமான ஒருத்தர் பிடித்துக்கொண்டால் குழந்தையின் கை எப்படி நிற்குமோ அப்படி. இரண்டு கட்டங்களும் கொல்லைக் கதவை நோக்கி நடந்தன.

“அனு!”

எழுந்து ஓடினாள். கால் பட்டுப் பாத்திரம் உருண்டது. செல்லக்கிளி ஏதோ கத்தினாள். நாதாங்கியை இழுத்துக் கதவைத் தள்ளினாள்.

இலை அப்படியே இருந்தது. முட்டை அப்படியே. சொம்பு கட்டிலடியில் கவிழ்ந்து கிடந்தது. கட்டில் விரிப்பில் ஈரமே இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. காற்று. பின்முற்றத்துக்கு ஓடினாள்.

முற்றத்தில் யாருமில்லை. அந்தி வெளிச்சத்தில் கரிசல் தரை கண்மாய்க் கருவேலங்காடு வரைக்கும் வெறுமையாகத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லை. கொட்டத்தில் பதினோரு ஆடுகளும் ஒரே மூலையில் ஒண்டி நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

போன் அதிர்ந்தது.

‘முற்றத்தில் ஆட்கள்: பூமிநாதன், அனுசியா.’

கொட்டத்துக் கேமராவின் படம். அதே முற்றம். அதே ஆடுகள். நடுவில் அனு நின்றுகொண்டிருந்தாள். கையை உயர்த்தியபடி. பக்கத்தில் ஆளில்லாத நெடிய கட்டம்.

யுவராணி போனை இறக்கிப் பார்த்தாள். முற்றத்தில் யாருமில்லை. போனைப் பார்த்தாள். அனு.

“என்னடி? பாப்பா எங்க?” அழகுராஜா அவளைத் தாண்டி ஓடினான். “அனு! ஏ அனு!” போனுக்குள் அவனும் வந்தான், தன் கட்டத்தோடும் பேரோடும். குழந்தை நின்ற இடத்துக்கு நேராக ஓடினான். நிற்கவில்லை. அவளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனான். அனு திரும்பி அவன் முதுகைப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள். சத்தம் போனிலிருந்து மட்டும் வந்தது.

யுவராணி போனைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். இரண்டடி இடது பக்கம். இன்னும் ஒரு அடி. மகளுக்கு முன்னால் மண்டி போட்டாள். மண்ணில் பகல் சூடு இன்னும் இருந்தது. திரையில் மூன்று கட்டங்கள் ஒட்டி நின்றன.

“மாமா.” நெடிய கட்டம் நின்ற பக்கம் நிமிர்ந்தாள். “நாந்தேன் பாக்கல மாமா. பதினேழு தடவ வந்துச்சு. ஒன்னுகூட நான் பாக்கல. நீங்க தாயி தாயின்னு கூப்புட்டத அப்பறம் கேட்டேன். கேட்டுட்டு அழிச்சுட்டேன். எம்மேலதேன் தப்பு. என்னயக் கூட்டிட்டுப் போங்க. அவள விட்டுருங்க.”

பின்னால் வந்தவர்கள் கொல்லை வாசலிலேயே நின்றுவிட்டார்கள். செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். அழகுராஜா தேடுவதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான்.

நெடிய கட்டம் அசையாமல் நின்றது.

திரையில் அனு தன் இன்னொரு கையை நீட்டினாள். அந்தச் சின்ன உள்ளங்கை யுவராணியின் கன்னத்தில் வந்து பதிந்தது. விரல்கள் கண்ணீரைத் துடைத்தன. அவள் கண்ணை மூடிக் காத்திருந்தாள். கன்னத்தில் எதுவும் படவில்லை. காற்றுகூட இல்லை.

கண்ணைத் திறந்தாள். கட்டம் கண்மாய்ப் பக்கம் திரும்பியிருந்தது. குழந்தையின் கை இழுபட்டது. கேமரா மெதுவாகத் தலையைத் திருப்பி இரண்டையும் பின்தொடர்ந்தது.

“அம்மா, தாத்தா வேகமா நடக்குது,” என்றது போன். “அம்மா, நீ வரலயா?”

யுவராணி வெறும் தரையில் இரண்டு கையாலும் துழாவிக்கொண்டு ஓடினாள். திரையில் அவளுடைய கைகள் மகளின் தலைக்குள்ளும் தோளுக்குள்ளும் போய்ப் போய் வந்தன. அனு உயர்த்திய கையோடு, அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, கருவேலங்காட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.