கனக்கும் தொட்டில்

ஆளில்லாத தொட்டில் கீழே வந்து நின்றது.

காற்றாக இருக்கும் என்றுதான் ஆண்டியப்பன் முதலில் நினைத்தார். வைகாசி மாதக் கச்சான் காற்று ஜெயபுரத்து வயல்வெளியெல்லாம் அலைந்துவிட்டு வந்து, கோயில் முற்றத்துப் புழுதியைக் கிளப்பி, பாலை மரத்தின் காய்ந்த இலைகளை ராட்டினத்தின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சக்கரத்தைக் கையால் தள்ளி, சிவப்புத் தொட்டிலை உச்சிக்குக் கொண்டுபோய் விட்டுக் கையை எடுத்தார். முதிரை மரச் சட்டங்கள் மெல்ல முனகின. சக்கரம் தயங்கியது, பிறகு நகர்ந்தது. மற்றத் தொட்டில்கள் ஒவ்வொன்றாக அவரைக் கடந்து மேலே போக, சிவப்புத் தொட்டில் இறங்கி வந்து, ஏறி இறங்கும் பலகைக்கு நேரே, யாரோ இறங்குவதற்காக நிற்பதுபோல நின்றது.

காற்று விழுந்தபிறகும் அப்படித்தான்.

சக்கரங்களின் குணம் அவருக்குத் தெரியும். மலையகத்தில் இளவயதில் அவர் பார்த்தது, தேயிலைக் கொழுந்துச் சாக்குகளை மலையுச்சியிலிருந்து தொழிற்சாலைக்கு இறக்கும் கம்பியில் பிரேக் பிடிக்கிற வேலை. எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர், திருவிழாக் காலங்களில் ராட்டினம் கட்டத் தொடங்கினார். டீசல் இல்லாத காலத்தில் கையால் சுற்றுகிற ராட்டினத்துக்கு எல்லாக் கோயில்களிலும் கிராக்கி. நல்ல ராட்டினம் வெறுமையாக இருக்கும்போது விட்ட இடத்தில் நிற்கும். தொட்டில் தொங்குகிற கம்பி, இருப்பவரின் தலைக்கு மேலே இருக்கவேண்டும். அப்போதுதான் சக்கரம் எப்படிச் சுழன்றாலும் ஆள் நிமிர்ந்தே இருப்பார். உச்சியில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தவேண்டும், ஏனென்றால் சனம் ஏறுவதே அந்த ஒரு மூச்சுக்காகத்தான். அந்த நேரம் அவர்கள் கீழே பார்ப்பார்கள். பிரேக் கட்டையில் ஒரு மனிதனின் கை இருப்பது அவர்களுக்குத் தெரியவேண்டும். அந்தக் கை தெரிகிறவரைக்கும்தான் அந்தப் பயம் இனிக்கும்.

“என்ன அண்ணை, எல்லாம் சரிதானே? விடிஞ்சாப் பிள்ளையள் வந்து மொய்ச்சிடுங்கள்.”

கோயில் தர்மகர்த்தா வீரகத்தி சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

“ஓம் ஐயா. ஒருக்காப் பாரம் பாக்கவேணும். ஒரு பக்கம் இழுக்குது.”

“நீங்கள் பிரேக்கில நிண்டா எங்களுக்கு என்ன பயம்? கிளிநொச்சியில ஹெலி தலைக்கு மேல நிக்கேக்க நீங்கள் கையை எடுக்காமல் நிண்ட கதை எங்களுக்குத் தெரியும்தானே.”

ஆண்டியப்பன் தலை குனிந்து, அச்சுக்கு எண்ணெய் விடுகிறவர்போல எதையோ தேடினார். வீரகத்தி சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கதையை அவர் யாருக்கும் சொன்னதில்லை. சனமே கட்டிய கதை அது. அவர் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருசத்துக்கு முந்திய ஆவணி மாதம் அது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு கோயில். கடைசியாக ஏறியவள் கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிய ஓர் இளம் பெண். மடியில் மகன். கஞ்சி மணம் போகாத புதுச்சட்டை, கழுத்தெல்லாம் பவுடர்.

“அண்ணை, பிள்ளைக்குப் பயமில்லையோ?”

“நான் கீழ நிக்கிறன் தங்கச்சி. பயம் வந்தா என்னைப் பாருங்கோ.”

அவர்கள் உச்சியில் நின்ற அந்த ஒரு மூச்சிலேதான் பனைகளுக்கு மேலாக ஹெலிகொப்டர் வந்தது. கீழ்த் தொட்டில்களில் இருந்தவர்கள் குதித்து ஓடினார்கள். முற்றத்துச் சனம் முழுக்கப் பங்கர்க் குழிகளுக்குள் விழுந்தது. ஆண்டியப்பன் மேலே பார்த்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை, அழவில்லை. சொன்னபடி பார்த்தாள்.

அவர் கையை எடுத்துவிட்டு ஓடினார்.

பங்கருக்குள் முகத்தை மண்ணில் புதைத்துக் கிடந்தபோது, ஹெலியின் இரைச்சலுக்கு ஊடாகச் சட்டங்கள் கடகடவென்று அடித்துக்கொள்வது கேட்டது. மற்றத் தொட்டில்கள் வெறுமை. உச்சியில் மட்டும் பாரம். அப்படியான சக்கரம் எப்படி விழும், எந்த வேகத்தில் விழும் என்று அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தொட்டிலுக்குக் குறுக்கே மறித்துப் போட்டிருந்த தடி பெரியவர்களின் மடிக்கு அளவானது. பிள்ளைக்கு அதற்குக் கீழே வழி இருந்தது. பிள்ளையை எட்டிப் பிடிக்கப் போனவளுக்கு அதற்கு மேலே வழி இருந்தது.

ஹெலி குளக்கட்டுப் பக்கம் சுட்டுவிட்டுப் போனது. ராட்டினத்தடியில் கிடந்த இரண்டு பேரும் சூடு பட்டுத்தான் செத்தார்கள் என்று சனம் சொன்னது. காயத்தைத் தேடிப் பார்க்கிற நேரமா அது. செத்தவீட்டில் அவளுடைய புருசன் தங்கராசா வந்து ஆண்டியப்பனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

“கடைசிவரைக்கும் நீங்கள் கையை எடுக்கேல்லையாம் அண்ணை. சனம் சொல்லுது. இந்தக் கையை நான் மறக்கமாட்டன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஈரமான அந்தக் கைகளை அவர் வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார்.

புதிய ராட்டினத்தில் தடி இரண்டு. ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று தாழ்வாகப் பிள்ளைகளுக்கு. பார்த்தவர்களெல்லாம் அவருடைய புத்தியை மெச்சினார்கள்.

வெயில் தாழ்ந்தது. வேலைக்கு வந்தவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்கள். அவர் மணல் நிரப்பிய உரப்பையைத் தூக்கி, சிவப்புத் தொட்டிலுக்கு நேரெதிர்த் தொட்டிலைக் கீழே இழுத்து அதில் வைத்தார். இனி அதுதான் இறங்கவேண்டும். சக்கரத்தைத் தள்ளிவிட்டார். மணல் மூட்டை மேலே போனது. சிவப்புத் தொட்டில் கீழே வந்தது. திரும்பவும் கீழே இழுத்து இன்னொரு மூட்டை வைத்தார். இரண்டு மூட்டைகளும் அவருடைய தலைக்கு மேலே, உச்சியில், சாவதானமாக ஆடிக்கொண்டு நின்றன.

சிவப்புத் தொட்டில் நேராகத் தொங்கவில்லை. இடது பக்கம் தாழ்ந்திருந்தது. ஒரு பெரிய ஆளும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறிய ஆளும் இருந்தால் எப்படித் தாழுமோ, அப்படி.

அவர் கிட்டப் போனார். மரத்தின் வாசம் வந்தது, எண்ணெயின் வாசம் வந்தது. இன்னும் குனிந்தார். இருக்கைப் பலகையிலிருந்து கஞ்சி போட்ட புதுத்துணியின் மணமும், வியர்வையில் ஊறிய பவுடரின் மணமும் எழுந்து அவருடைய முகத்தில் மோதின. பலகை கிரீச்சிட்டது. நெடுநேரம் இருந்து கால் மரத்துப்போனவர்கள் அசைந்து உட்காருவார்களே, அந்தச் சத்தம்.

பின்வாங்கினார். குதிக்கால் கல்லில் இடறியது.

மைமல் நேரம், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முற்றத்தில் யாருமில்லை. கோயிலுக்குள் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. ஓடலாம். ஓடத் தெரிந்த கால்கள்தான். ஆனால் விடிந்தால் பிள்ளைகள் வரும். இந்தத் தொட்டிலில் ஏறும். அவர் கீழே நிற்கிறார் என்ற தைரியத்தில் ஏறும்.

அவர் திரும்பவும் கிட்டப் போனார். முதலில் மேல் தடியின் கொளுக்கியைக் கழற்றினார், பிறகு கீழ்த் தடி. இரண்டையும் விலக்கிப் பிடித்தார்.

“இறங்குங்கோ தங்கச்சி,” என்றார். “பிள்ளையை இறக்குங்கோ.”

ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இலை விழுந்தது. பிறகு ஏறும் பலகை ஒருமுறை அமிழ்ந்தது. கொஞ்சம் பொறுத்து, இலேசாக, இன்னொருமுறை அமிழ்ந்தது.

சிவப்புத் தொட்டில் துள்ளி நிமிர்ந்தது. மணல் மூட்டைகளின் பாரத்தில் சக்கரம் மளமளவென்று சுழன்று, மூட்டைகள் கீழே வந்து நின்றன.

ஆண்டியப்பன் அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதார். மூட்டைகளை இறக்கிவிட்டுச் சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தபோது அது விட்ட இடத்தில் நின்றது. எந்த இடத்தில் விட்டாலும் நின்றது. நெஞ்சுக்குள்ளே இரண்டு வருசமாகக் கிடந்த ஏதோ ஒன்றும் அந்தப் பலகை வழியே இறங்கிப் போனதுபோல இருந்தது அவருக்கு. இறக்கிவிட்டாயிற்று. இவ்வளவு இலேசான காரியமா இது?

“என்னங்க, இருட்டப் போவுது. தேத்தண்ணி ஆறிப்போச்சி.”

அவருடைய மனைவி கமலாட்சி போத்தலும் கையுமாக வந்தாள். இத்தனை வருசம் வன்னியில் இருந்தும் வீட்டுக்குள் அவர்களுக்கு மலையகப் பேச்சுத்தான்.

“கமலா, நீ கொஞ்சம் பிரேக்கப் புடி. நான் ஒருதரம் ஏறிப் பாக்குறேன்.”

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். “கிளிநொச்சிக்கு அப்புறம் நீங்கதான் ஏறவே மாட்டேன்னீங்களே.”

“கட்டுனவன்தான் மொதல்ல ஏறணும். இல்லாட்டி நாளைக்கிப் பிள்ளைங்கள எப்புடி ஏத்துறது?”

சிவப்புத் தொட்டிலிலேயே ஏறினார். அவள் தடிகளைக் கொளுவினாள். அதற்கு முன்பே எதிர்த் தொட்டிலில் அவருடைய எடைக்கு மணல் மூட்டைகளைச் சரியாக வைத்திருந்தார்கள். மலையில் கூடை சுமந்த தோள் அவளுக்கு. சக்கரத்தைத் தள்ளினாள், அது பால்போலச் சுழன்றது. பாலை மரத்தின் கிளைகள் கீழே போயின. கோயில் ஓடுகள் கீழே போயின. வயல்வெளி விரிந்தது. காற்று நெற்றியில் பட்டது. நல்ல ராட்டினம். சத்தமில்லாத ராட்டினம். அவர் கட்டியதிலேயே நல்ல ராட்டினம் இதுதான்.

உச்சியில் நின்றது.

கிழக்கே, கிளிநொச்சிப் பக்கம், ஷெல் குத்தி வெடித்தது. ஒன்று. பிறகு இன்னொன்று. தொட்டிலின் அடி அதிர்ந்தது. ஆண்டியப்பன் தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார்.

கமலாட்சி அசையவில்லை. இரண்டு கைகளும் கட்டையில்.

“தூரத்துலதாங்க குத்துறான்,” என்று கத்தினாள். “நான் புடிச்சிருக்கேன்.”

அவருக்குக் கண் கலங்கியது. அவ்வளவுதானே செய்யவேண்டியிருந்தது. வேறொன்றுமே இல்லையே.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் இருந்தவர்களைக் கண்டார்.

முதலில் நிழலென்று நினைத்தார். பாலை மரத்தின் நிழல் அவ்வளவு நீளமாக விழாது. ஒருவர் பின் ஒருவராக, பலகையிலிருந்து தொடங்கி, முற்றத்தைக் கடந்து, கோயில் வாசலுக்கு வெளியே, ஒழுங்கையில், வயல் வரம்பில், அதற்கப்பால் கிழக்கே, இருட்டு தொடங்குகிற இடம்வரை, வரிசை. திருவிழாவுக்கு வந்ததுபோல உடுத்த சனம். இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள். கைபிடித்த பிள்ளைகளோடு ஆண்கள். இவ்வளவு சனத்துக்கும் ஒரு சத்தமில்லை. புழுதி எழவில்லை. ஷெல் குத்தியபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லா முகமும் மேலே.

கோபம் இருந்தால் தாங்கியிருப்பார். ஒரு முகத்திலும் கோபமில்லை. சனம் வந்திருந்தது அவரை நம்பி. அவர் கையை எடுக்காத மனிதன் என்ற கதை அங்கேயும், செத்தவர்களிடமும், போயிருந்தது.

“எறக்கவா?” கமலாட்சி கேட்டாள். ஒரு முழத் தூரத்தில் நிற்கிறவர்களை அவள் காணவில்லை.

“வேணாம்!” குரல் வரவில்லை. திரும்பக் கத்தினார். “கமலா, வேணாம்! எறக்காத!”

அவள் சிரித்தாள். “பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல, கண்ண மூடிக்கங்க.”

கட்டை தளர்ந்தது.

சக்கரம் சத்தமில்லாமல் நகர்ந்தது. வயல் மறைந்தது. கோயில் ஓடுகள் மேலே போயின. தடியின் கொளுக்கி வெளியே இருந்தது. உள்ளே இருந்து கழற்ற வராது. பிள்ளைகள் விளையாட்டாகக் கழற்றிவிடக்கூடாது என்று அவரே அப்படிச் செய்தது. கைவிரல்கள் அதைத் தடவின. எட்டவில்லை.

கிளைகள்.

விளக்கின் வெளிச்சம்.

பவுடர் மணம்.

வரிசையின் முன்னால் கத்தரிப்பூ நிறச் சேலை. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த அந்த முகத்தோடு அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள், பிள்ளை கேட்டால் மறுக்க முடியாத தாய் சிரிப்பதுபோல. அவளுக்கு முன்னால் அவன். புதுச்சட்டையில் மண். தொட்டில் இறங்கி வர வர, அவன் குதிக்காலை உயர்த்தி, விரல்நுனியில் எம்பி, தன்னைத் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் ஆண்டியப்பனிடம் நீட்டினான்.