ஈரச் சுவர் கேட்ட பேச்சு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொண்டாலும் சரிதான். சுவர்கள் பேசத் தொடங்கிய பிறகு மதுரைக் கீழமாசி வீதிக்குப் பின்னால், எண்ணெய்க்காரச் சந்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று பாண்டீஸ்வரி ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்களைச் சந்துக்குள் நடத்திக்கொண்டு வந்தாள். பல வருஷமாக அதுதான் அவள் வேலை. சுவரில் எந்த வருஷப் பூச்சு வேண்டுமோ அதில் படிந்த பேச்சைக் கேட்கவைக்கும் கருவிதான் பூச்சொலிப்பான். அதன் கிண்ணத்தை முதல் வீட்டுச் சுவரில் பதித்தாள்.

"ஏய், சாயாதடா! முதுகெல்லாம் வெள்ள! இதோட கல்யாண வீட்டுக்கு வேற வரப்போறியாக்கும்!"

என்றோ செத்துப்போன ஒருத்தியின் குரல். எல்லோரும் சிரித்தார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த சகாயமேரி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாச் சத்தமும் இதுல இருக்குமாக்கா?"

"இல்லம்மா. பொங்கலுக்கு வெள்ளையடிப்போம்ல, அந்தச் சுண்ணாம்பு காயிற வரைக்கும் பக்கத்துல பேசுனது மட்டும் அதுல படிஞ்சு இறுகிக்கிரும். காஞ்சபெறகு நீங்க கத்துனாலும் ஏறாது. வருசத்துக்கு ஒரு பூச்சு, ஒரு பூச்சுக்கு ஒரு பொழுதுப் பேச்சு."

வாய் விளக்கம் சொன்னாலும் மனசு கடைசி வீட்டில் இருந்தது. அது அவள் வீடு. ஆடியில் அவள் புருஷன் தவசி இறந்துபோனான். அவன் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. தனியாகக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. இன்று கூட்டத்தோடு கேட்டுவிடலாம் என்று வந்திருந்தாள்.

தவசி ஆட்டோ ஓட்டியவன். வாயைத் திறந்தால் கேலியும் கெட்ட வார்த்தையும் கலந்துதான் வரும். கல்யாணமான கையோடு இருவரும் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்தார்கள். அதே வருஷம்தான் பூச்சொலிப்பானும் வந்தது. நாளைக்கு ஊரே கேட்குமே என்ற பயத்தில், சந்துக்காரர்கள் வெள்ளையடிக்கும் நாளில் குளித்து, நல்ல துணி உடுத்தி, சுவரைப் பார்த்து நல்ல தமிழில் பேசப் பழகினார்கள். பேசவேண்டியதை எழுதிக் கொடுத்தவளே பாண்டீஸ்வரிதான். அன்றைக்கெல்லாம் தவசியை அவன் அக்கா வீட்டுக்கு விரட்டிவிடுவாள். போகும்போது வாசலில் நின்று ஏதாவது முணுமுணுத்திருப்பான், அந்த முணுமுணுப்பு கிடைத்தால் போதும் அவளுக்கு.

கடைசியில் தன் வீட்டுச் சுவருக்கு வந்து, போன தைப் பூச்சில் கிண்ணத்தைப் பதித்தாள். அவள் குரலே கேட்டது.

"இங்க பாருங்க, செவரு ஈரமா இருக்கு. வாயத் தொறக்காம கெளம்புங்க."

செருப்புச் சத்தம். ஆட்டோ கிளம்பும் சத்தம். பிறகு அவளே, அழகாக: "எங்கள் வீட்டிற்கு வருகை தந்திருக்கும் பெருமக்களே..."

அதற்கு முந்திய வருஷப் பூச்சு. அதற்கும் முந்தியது. ஒவ்வொன்றிலும் "வாயத் தொறக்காதீங்க." ஒவ்வொன்றிலும் செருப்புச் சத்தம். ஊரில் யார் பேச்சையும் கேட்காத மனுஷன், இவள் பேச்சை மட்டும் ஒரு வருஷம்கூடத் தட்டவில்லை.

"யாரக்கா இந்த வெரட்டு வெரட்டுதிய?" என்று சிரிப்போடு கேட்ட சகாயமேரி, பாண்டீஸ்வரியின் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தைத் தானே எடுத்துக் கீழே வைத்தாள். தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அவள் கையில் கொடுத்தாள்.

தை பிறக்க இருந்தது. வெள்ளையடிக்கும் நாள் காலையில், சுண்ணாம்பு பூசும் முன்பே பாண்டீஸ்வரி சந்துக்காரர்கள் எல்லோரையும் தன் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"இந்த வருசம் எழுத்தும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வீட்டுக்குள்ள எப்படிப் பேசுவீகளோ அப்படியே பேசுங்க. சண்டையும் போடுங்க. யாரையும் வெளிய அனுப்பாதீக."

வெள்ளையடித்து முடித்ததும் எல்லோரும் ஈரச் சுவர் முன்னால் வந்து நின்றார்கள். புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தான், பெண்டாட்டி சுவரைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டே போனது. சுண்ணாம்பு ஓரத்திலிருந்து வெளுத்து வந்தது. கடைசியில் எதிர்வீட்டு மொக்கராசு மெல்லக் கனைத்தான்.

"தங்கச்சி, சும்மா பேசுங்கன்னா என்னத்தப் பேசுறது? அதையும் நீயே எழுதிக் குடுத்துரேன்."

அந்த வருஷத்துப் பூச்சில் இன்றைக்கும் இருப்பது அது ஒன்றுதான்.

போய்வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் உலையும் கொதிக்கட்டும், வாயும் ஓயாதிருக்கட்டும். கேலி பேசுகிறவர்கள் நூறு வயசு இருக்கட்டும்.