மேனேஜர் ரவுண்ட்ஸ் போகிறார்

அந்த வீட்டில் மொத்தம் நான்கு பேர். அப்பா, அம்மா, கடுகு, மேனேஜர்.

கடுகுக்குப் பத்து வயது. வகுப்பிலேயே அவள்தான் குள்ளம் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. மேனேஜர் ஒரு முயல். சாம்பல் நிறம், தொங்கும் காதுகள், கொஞ்சம் தொப்பை. அவரை 'அது' என்று யாராவது சொன்னால் கடுகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

மேனேஜர் என்ற பெயர் சும்மா வந்துவிடவில்லை. தினமும் காலையில் அவர் தன் மரப்பெட்டியை விட்டு இறங்கி வீட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புவார். முதலில் செருப்பு ஸ்டாண்டு. அடுத்து சோபா. பிறகு பழைய இரும்புப் பெட்டி, சாப்பாட்டு மேசை. ஒவ்வொன்றின் மேலும் மோவாயைத் தேய்த்து, "சரி, எல்லாம் அதன் அதன் இடத்தில் இருக்கிறது" என்று முத்திரை குத்துவார். கடைசியாகச் சமையலறை வாசலில் நின்று பின்னங்காலால் தரையில் 'தொப்' என்று ஓர் அடி அடிப்பார். கொத்தமல்லி எங்கே என்று அதற்கு அர்த்தம்.

"இதோ வந்துட்டேன் சார்!" என்று அம்மா ஓடி வருவார். ரயில் நிலைய டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு நூறு பேரை வரிசையில் நிற்க வைப்பவர் அம்மா. இந்த ஒருவரிடம் மட்டும் அவருடைய ஜம்பம் பலிக்காது.

அப்படிப்பட்ட மேனேஜருக்குத் திடீரென்று இடது கண் வீங்கிவிட்டது. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. பிடித்த கொத்தமல்லியையே பாதியில் வைத்துவிட்டு மூலையில் சுருண்டுகொண்டார்.

மிருக வைத்தியசாலையில் டாக்டரம்மா ஒரு சின்ன டார்ச்சை அடித்து இரண்டு கண்களையும் வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிடுச்சு. இந்தக் கண்ணால இனிமே பார்க்க முடியாது, வலி மட்டும்தான் மிச்சம். எடுத்துட்டா வலி போயிடும்" என்றார்.

கடுகு மேனேஜரின் வலது கன்னத்தைத் தொட்டாள். "இன்னொரு கண்ணு இருக்குல்ல டாக்டர்?"

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "அதுல வெள்ளை படர்ந்திருக்கும்மா. பார்வை போய் மாசக்கணக்காகி இருக்கும்னு நினைக்கிறேன். இந்த இடது கண்ணும் கொஞ்ச நாளாவே சரியா தெரிஞ்சிருக்காது."

மேனேஜரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வரும் கடுகு, அன்றைக்குத் திரும்பித் திரும்பி வைத்தியசாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மேனேஜரை ஒரு கூடையில் வைத்துக் கொடுத்தார்கள். கண் இருந்த இடத்தில் ரோமம் மழிக்கப்பட்டு, ஒரு சின்னக் கோடும் கறுப்பு நூல் தையலும் இருந்தன. அதைப் பார்க்கக் கடுகுக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள். மேனேஜர் அவள் விரலை முகர்ந்து மூக்கை ஆட்டினார். இவ்வளவு நடந்த பிறகும் இவர் என்னைத் தேடுகிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தொடறதுக்கு முன்னாடி பேசு. திடீர்னு தொட்டா பயந்துடுவார்" என்றார் டாக்டரம்மா.

"பேசறதுதானே? அதை எங்க பொண்ணுக்குச் சொல்லியா கொடுக்கணும்!" என்றார் அப்பா.

டாக்டரம்மா சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ஒரு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். முயல் சாப்பிடாம இருந்தா வயிறு நின்னுடும், உயிருக்கே ஆபத்து. சிரிஞ்சுல புல் கூழ் கொடுங்க, வலி மருந்தை வேளை தவறாம கொடுங்க. ஆனா நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள தானா சாப்பிடணும், புழுக்கை போடணும். இல்லைன்னா இங்க கொண்டுவந்து சேர்த்துடுங்க."

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அது கடுகின் வீடு மாதிரியே இல்லை.

அப்பாவுக்கு வேலை, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவது. ஊரார் வீட்டுப் பீரோவை மூன்று மாடி தூக்குவார். சொந்த வீட்டில் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் முதுகு வலி வந்துவிடும். அந்த அப்பா, கடுகு பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் மேனேஜருக்காக ஹாலையே காலி செய்திருந்தார்! சோபா எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது. இரும்புப் பெட்டி படுக்கையறைக்குள். மேசை ஒரு மூலைக்கு. அதன் கால்களுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் லாரியில் கண்ணாடிச் சாமானுக்குச் சுற்றும் பஞ்சுத்தாள்.

"எங்கேயும் முட்டிக்க மாட்டார். எப்படி?" என்று அப்பா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நானும் தரையைச் சோப்புத் தண்ணி போட்டு ரெண்டு தடவை துடைச்சிருக்கேன்" என்றார் அம்மா.

கடுகுக்கு இருவரையும் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

ஆனால் மேனேஜர் தன் மரப்பெட்டியை விட்டு இரண்டடி வைத்தார். நின்றார். மீசை துடித்தது. கழுத்தை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார். பிறகு பின்னாலேயே நகர்ந்து பெட்டிக்குள் புகுந்துகொண்டார்.

மறுநாளும் அதே கதைதான். காலையில் அம்மா அவரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாயோரத்தில் சிரிஞ்சை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூழ் ஊட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் கவுன்டர் குரலில் "அடுத்து!" என்றார். அந்தப் பொறுமையைக் கடுகு அதிசயமாகப் பார்த்தாள். மேனேஜர் பாதியை விழுங்கினார், மீதியை அம்மாவின் புடவையில் துப்பினார். பெட்டிக்குள்ளேயே வைத்த கொத்தமல்லி வாடிப்போய்க் கிடந்தது. புழுக்கை ஒன்றுகூட இல்லை.

பள்ளி விட்டுக் கடுகு வந்தபோது மணி நான்கு. அப்பா கூடையை எடுத்துக் கதவருகே வைத்துவிட்டார்.

"கண்ணு தெரியாம பாவம், என்ன பண்ணுவார்?" என்றார் அம்மா.

கடுகு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது.

"அம்மா, வலது கண்ணு தெரியாம மாசக்கணக்காச்சுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல? இடது கண்ணும் சரியில்லைன்னாங்க. ஆனா போன வாரம்கூட இவர் ரவுண்ட்ஸ் போனாரே! எப்படிப் போனார்?"

"அதானே!" என்றார் அப்பா.

கடுகு கைக்குட்டையால் தன் கண்களை இறுகக் கட்டிக்கொண்டாள். முயல் மாதிரியே நான்கு காலில் நின்று, பெட்டியிலிருந்து தவழ்ந்து போனாள். செருப்பு ஸ்டாண்டு கைக்குப் பட்டது, ஆனால் பஞ்சுத்தாளுக்குள் மெத்தென்று யாரோ வீட்டுச் சாமான் போல இருந்தது. அடுத்து சோபா வர வேண்டும். வரவில்லை. இன்னும் போனாள். வெறும் தரை. சோப்பு வாசனை மட்டும் வந்தது. தான் பிறந்து வளர்ந்த ஹாலில் எந்தப் பக்கம் சமையலறை என்று அவளுக்கே தெரியவில்லை. கடைசியில் அப்பாவின் காலில் போய் முட்டிக்கொண்டாள்.

"அப்பா!" என்று கட்டை அவிழ்த்தாள். "அவர் ஒவ்வொரு சாமானையும் தொட்டுத் தொட்டுத்தான் வழி கண்டுபிடிச்சிருக்கார். இத்தனை நாளும் அப்படித்தான் போயிருக்கார், நமக்குத்தான் தெரியலை! இப்போ நாம வழியையே எடுத்துட்டோம்."

அப்பா பேயறைந்தது போல நின்றார். "அடடா... நல்லது பண்றேன்னு..."

"பரவாயில்லைப்பா. திருப்பி வச்சுடலாம்."

"சரியா எங்க இருந்ததுன்னு யாருக்கு ஞாபகம்?" என்றார் அம்மா.

கடுகு தரையில் குப்புறப் படுத்து விரலால் தடவினாள். பல வருடமாக நின்ற சோபாக் கால் பிளாஸ்டிக் தரை விரிப்பை அழுத்திச் சின்னப் பள்ளம் ஆக்கியிருந்தது. "இங்க! இங்க இருக்கு!"

அப்பா சோபாவைத் தூக்கினார். "போதுமா?"

"இன்னும் ஒரு விரல் இந்தப் பக்கம்."

"ஊர்ல எந்த வீட்டம்மாவும் என்னை இப்படி வேலை வாங்கினதில்லை" என்று அப்பா மூச்சு வாங்கினார். ஆனால் ஒரு விரல் நகர்த்தினார். இரும்புப் பெட்டி வந்தது. மேசை அதன் பள்ளங்களில் போய் உட்கார்ந்தது. அம்மா பஞ்சுத்தாளைச் சரசரவென்று கிழித்துப் போட்டார்.

மணி ஐந்து.

"மேனேஜர் சார், நான்தான். எல்லாம் பழையபடி வச்சாச்சு. வந்து பாருங்க" என்றாள் கடுகு.

மூக்கு முதலில் வெளியே வந்தது. பிறகு ஒரு கால். மீசை செருப்பு ஸ்டாண்டில் பட்டது. மேனேஜர் அப்படியே நின்றார். அவர் மோவாயை அதில் மெதுவாகத் தேய்த்தார்.

அடுத்து சோபா. நடை கொஞ்சம் வேகமானது. இரும்புப் பெட்டி. மேசையின் முதல் கால், இரண்டாவது கால். திரும்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திரும்பினார். சமையலறை வாசலில் நின்றார்.

தொப்!

"வந்துட்டேன் சார்!" என்று அம்மா ஓடினார். கொத்தமல்லிக் கட்டு முழுவதையும் கொண்டுவந்து வைத்தார். மேனேஜர் ஒரு காம்பை இழுத்து 'கறுக் கறுக்' என்று மென்றார். அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கடுகு அதுவரை கேட்டதில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"சாப்பிட்டுட்டார் டாக்டர்! புழுக்கையும் போட்டுட்டார். பதினேழு!"

"எண்ணினியா?"

"ரெண்டு தடவை."

மறுமுனையில் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "சபாஷ்! பதினேழு புழுக்கைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட வீட்டை நான் பார்த்ததே இல்லை. கூடையை உள்ள வச்சுடுங்க."

பத்து நாளில் தையல் பிரித்தார்கள். மழித்த இடத்தில் வெல்வெட் மாதிரி புது ரோமம் முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனேஜர் ரவுண்ட்ஸ் முடித்து, கொத்தமல்லி தின்று, ஹாலின் நடுவில் வந்து நின்றார். என்ன நினைத்தாரோ, திடீரென்று ஒரே எம்பாக எம்பி, காதுகள் பறக்க, அந்தரத்தில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கிக் குதித்தார். இறங்கினார். மறுபடியும் குதித்தார்.

அப்பாவின் கையிலிருந்த டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"கண்ணே தெரியாது, எவ்வளவு தைரியம் பாரேன்! எங்கேயாவது இடிச்சுக்கப் போறார்."

"இடிச்சுக்க மாட்டார்ப்பா" என்றாள் கடுகு. "இது அவர் வீடு."