பாதிப் பதிவு

விடியற்காலையில் இறந்துபோன பெரியவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார் என்று நர்ஸ் போனில் சொன்னபோது, அவள் அதை வேடிக்கை என்றே எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத சர்வர் அறையில் வேலை பார்ப்பதால் மாடியில் எல்லோரும் அவளைப் பாதாளம் என்றுதான் கூப்பிடுவார்கள். சீண்டுவதும் வழக்கம்தான்.

"சிரிக்காதீங்க பாதாளம். நான்தான் அவருக்கு முகத்தை மூடினேன்."

நர்ஸின் குரலுக்குப் பின்னால் யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

மதியம் மின்சாரம் போய் வந்ததில் டிஸ்க் ஒன்று செத்திருந்தது. கருகிய தூசியின் வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. குளிர்க்காற்று தரைக்கடியிலிருந்து சீறிக்கொண்டு வந்து அவள் கணுக்காலைத் தடவிப் போனது; அடுக்கடுக்கான மெஷின்களின் பச்சை விளக்குகள் எதிர்ச்சுவரில் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கின. நேற்றிரவு எடுத்த பேக்கப்பை ஏற்றியாகிவிட்டது. நோயாளிகளின் பதிவுகள் எல்லாம் நேற்றிரவு இருந்த நிலைக்குத் திரும்பியிருந்தன. இனி லாக் என்கிற மாற்றக் குறிப்பேடு ஓடும். அதன்பிறகு நடந்த ஒவ்வொரு மாற்றமும், நடந்த வரிசையிலேயே, மறுபடி பதியும். கடைசியில், யாராவது தொடங்கிவிட்டு சேவ் பண்ணாமல் விட்டது எதுவோ, அது துடைக்கப்படும். பாதியாக எதையும் நிற்க விடாது. அவளுக்குப் பிடித்த விதி அது.

போனில் நர்ஸ் இன்னும் இருந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"உங்க தங்கச்சி..."

நேற்று மாலை பிரசவத்துக்குச் சேர்த்த தங்கை. இன்று மதியம் பெண் குழந்தை. மின்சாரம் போவதற்குச் சற்றுமுன்தான் அவள் மாடிக்கு ஓடி, சுருங்கிய காதுமடலை முகர்ந்துவிட்டு வந்திருந்தாள்.

"என்ன அவளுக்கு?"

"தொட்டில்ல குழந்தை இல்ல. வயிறு மறுபடி பெருசா இருக்கு. வலின்னு கத்துறாங்க."

திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. மருந்து. ஊசி. கட்டில் மாற்றம். பெரியவரின் பெயர் வந்தது, பக்கத்தில் இறப்பு என்று வந்தது. போனில் டம்ளர் ஒன்று தரையில் விழுந்து உருண்டது.

"மறுபடி மூடிட்டேன்" என்றாள் நர்ஸ். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

கூரைக்கு மேலே தங்கை அலறுவது குழாய்களின் வழியாக இறங்கி வந்தது. பிறகு குழந்தையின் அழுகை. கீழே அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாம் வரிசைப்படி வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. வார்டு கிளார்க்கைக் கூப்பிட்டாள்.

"குழந்தையப் பதிஞ்சியா?"

"அப்பவே பதிஞ்சுட்டேன்க்கா. உங்க தங்கச்சி பொண்ணு, விடுவேனா?"

"சேவ் பண்ணினியா?"

"அது ஷிஃப்ட் முடியறப்ப மொத்தமாத்தானேக்கா. ஒவ்வொண்ணா பண்ணினா உங்க மெஷின் சுத்திக்கிட்டே நிக்குது. எல்லாரும் அப்படித்தான்."

"இப்பப் பண்ணு."

"உள்ளயே விட மாட்டேங்குதேக்கா."

விடாது. மீட்பு முடியும்வரை யாரையும் விடாது.

திரையில் கடைசிக் கட்டம்: முடிவுறாதவை நீக்கப்படுகின்றன.

மெஷினை அணைத்தாள்.

பக்கத்து மெஷின் தானாக எழுந்தது. ஒன்று நின்றால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி அமைத்தவள் அவள்தான். எடுத்துக்கொண்டது. முதலிலிருந்து தொடங்கியது.

மேலே குழந்தையின் அழுகை நடுவில் அறுந்தது. சற்று நேரத்தில் தங்கையின் அலறல். மருந்து. ஊசி. கட்டில் மாற்றம். இறப்பு. இதை அணைத்தால் அது. அதை அணைத்தால் இது. விரலைச் சுவிட்சிலேயே வைத்திருந்தாள். போன் அடித்தது.

"அக்கா." தங்கைதான். "எத்தனை தடவைக்கா பெத்துக்கிறது?"

"இந்த ஒரு தடவை பொறுத்துக்கடி. ஏதாவது வழி பார்க்கிறேன்."

"ரத்தம் நிக்கலைக்கா. டாக்டர் ஒவ்வொரு வாட்டியும் அதே வார்த்தையையே சொல்றாரு. இன்னொரு வாட்டி என்னால முடியாது. செத்துருவேன்."

அலறல். அழுகை. கடைசிக் கட்டம்.

சுவிட்ச் விரலடியில் குளிர்ந்திருந்தது. அழுத்தினால் தங்கை போவாள். விட்டால் குழந்தை.

விரலை எடுத்தாள்.

திரையில் ஒரே ஒரு வரி நீங்கியது. மேலே அழுகை மெல்ல அடங்கவில்லை. சட்டென்று நின்றது.

திரை சொன்னது: டேட்டாபேஸ் தயார். பிழை எதுவும் இல்லை.

படியேறினாள். வார்டில் வெயில். நர்ஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தாள். தொட்டில் இருந்த இடத்தில் நாற்காலி.

தங்கை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு ஒட்டியிருந்தது.

"வாக்கா. என்னை எதுக்கு இங்க சேத்திருக்கீங்க? கேட்டா யாருக்குமே தெரியல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இது வேற" என்றாள் தங்கை, குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டு. ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, பால் வயிற்றில் வழிந்துகொண்டிருந்தது. "நிக்கவே மாட்டேங்குதுக்கா."

இடது கை மடங்கி, எதையோ ஏந்தியிருந்தது. வலது கை அந்த வெற்றிடத்தைத் தட்டிக்கொண்டே இருந்தது. மெதுவாக. எழுந்துவிடக் கூடாது என்பதுபோல்.