ஏரிக்கரையில் ஓர் ஆள் கூடுதல்

மதியம் பார்த்தபோது அந்த ஏரிக்கரையில் யாரும் இல்லை. இப்போது ஒருவன் நின்றான்.

அவள் பழைய ஓவியங்களைத் துப்புரவாக்கிப் பழுது நீக்குபவள். மேசைமேல் இருந்த படம் அருங்காட்சியகத்துடையது. நாளை திரும்ப வாங்கிப்போக வருகிறார்கள். சாயங்கால வானம், ஏரி, கரையில் ஜன்னலில் விளக்கெரியும் ஒற்றை வீடு. ஆள் அரவமற்ற அந்தத் தனிமைக்காகவே பெயர் வாங்கிய படம். அதில் இப்போது நகத்தளவு ஆள், நீலச் சட்டையில். ஜன்னல் வெளிச்சம் அவன் முதுகில் விழுந்திருந்தது.

இது தெரிந்தால் பிழைப்பு போச்சு.

அவள் கணவன் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். தூரிகையைக் கண்டால் கை சும்மா இருக்காது. நேற்றுகூட, "பாவம், பேச்சுத்துணைக்கு ஒரு ஆளாவது இருக்கலாம்" என்று படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"என்னங்க, படத்துல கை வச்சீங்களா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "கழுவ மலை மாதிரி பாத்திரம் கிடக்கு தாயே! படத்துல வைக்க இன்னொரு கையா இருக்கு?"

"இன்னிக்கு நீலச் சட்டைதானே போட்டிருக்கீங்க?"

"துவைச்சுக் கொடுத்ததே நீதான். அதுக்கும் விசாரணையா?"

சிரித்தான். பொய் சொல்லும்போதுதான் அவனுக்கு அப்படிச் சிரிப்பு வரும்.

விரல் நுனியால் தொட்டாள். ஈரம்.

எதையும் துடைக்கும் முன் புகைப்படம் எடுத்து வைப்பது அவள் தொழிலில் முதல் பாடம். கோபத்தில் மறந்தாள். குச்சியில் பஞ்சைச் சுற்றி, வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் தோய்த்தாள். அதன் காட்டம் மூக்கில் ஏற, குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் ஓசையும், அவன் முணுமுணுக்கும் ஏதோ மெட்டும், செருப்பு தரையில் உரசும் சத்தமும் ஒன்றாய்க் கலந்து வந்துகொண்டிருக்க, உருவத்தின் கால்களை மெல்லத் துடைத்தாள்.

செருப்புச் சத்தம் நின்றது.

அடுத்து உருவத்தின் கைகளைத் துடைத்தாள். உள்ளே ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது.

"இங்க வாயேன்... என் கை..."

"போதும், நடிக்காதீங்க."

சட்டையோடு சேர்த்து முகத்தையும் ஒரே இழுப்பில் துடைத்தாள்.

அதன்பின் தண்ணீர் மட்டும் ஓடியது.

போய்ப் பார்த்தாள். குழாயடியில் ஒரு ஜோடி செருப்பு. ஆள் இல்லை. பின்கதவு உள்ளே தாழிட்டபடி.

ஓடி வந்தாள். பஞ்சில் நீலம்.

அழிந்ததைத் திரும்ப வரைவதும் அவள் வேலைதானே! தூரிகையை எடுத்தாள். கால்கள். ஒன்று நீண்டுவிட்டது. கைகள். சட்டை. முகம். பார்த்து வரைய எதுவுமில்லை. வாய். தூரிகை வழுக்கியது. கோடு காதுவரை ஓடியது.

சமையலறையில் சத்தம்.

வெறுங்கால். ஒன்று ஊன்றியது. ஒன்று இழுபட்டது.

"என்னங்க?"

ஈரமான மூச்சு மட்டும்.

கதவருகே நீலச் சட்டை. காதுவரை பிளந்த வாய். அதற்கு மேலே, நெற்றிவரை, வழவழவென்று வெறும் தோல். அந்த நகத்தளவு முகத்தில் கண்களுக்கு அவள் இடம் விட்டிருக்கவில்லை.